டீ நேரத்தில் போகும் கரண்ட்

இந்துமதி: ...அப்புறம் நம்ம பார்க்கச் சுத்திப் பாக்க வந்த அந்தக் கென்யாக்காரர் என்ன கேட்டார் தெரியுமா, ஜெகதீசன்? "எங்க ஊர்லயும் டெக்னாலஜி பார்க் கட்டினோம். கண்ணாடிக் கட்டடம், இன்டர்நெட், வரிச்சலுகை, எல்லாம் குடுத்தோம். ஈ காக்கா வரல. ஒரு பழைய டீ ஃபேக்டரிக்குள்ள உங்களுக்கு மட்டும் எப்படி?"ன்னார்.

ஜெகதீசன்: பார்க் மேனேஜர் நீங்க. என்ன சொன்னீங்க மேடம்?

இந்துமதி: குன்னூர் குளிருன்னு சொல்லிச் சிரிச்சு வெச்சேன்.

ஜெகதீசன்: பாதி நெசந்தானுங்க! டீ நேரமானா கரண்ட் போயிருது. அத்தன கம்பெனிக்காரங்களும் கேண்டீன் அடுப்புக்கு ஓடி வர்றோம்...

இந்துமதி: வந்து சண்டை போடறீங்க.

ஜெகதீசன்: அந்தச் சண்டையில்லைன்னா மாடி ரூம் சுகுணாவோட, யானை வந்தா காட்டிக் குடுக்கற கேமரா ஏதுங்க? மூடுபனியில கேமராக் கண்ணாடி வேர்த்துப் போகுதுன்னு அந்தப் புள்ள அழுதுட்டு நின்னுச்சு. நான் கொழுந்து உலர்த்தற மெஷின் செய்யறவன். மோசஸ் போனுக்கு ஆப் எழுதிக் குடுக்கறவர். வடை தீர்றதுக்குள்ள மூணு பேரும் சேர்ந்து, கண்ணாடிய உலர்த்தவும் போனுக்குச் சேதி அனுப்பவும் வழி கண்டுபிடிச்சுட்டோம்...

இந்துமதி: நேத்து சேரங்கோடு எஸ்டேட்டுல அந்தக் கேமராதான்...

ஜெகதீசன்: ஆமாங்க! யானை தேயிலைக்குள்ள எறங்கறதுக்கு முன்னாலயே எல்லார் போனும் அடிச்சிருக்குது. கொழுந்து பறிச்சவங்க ஒருத்தர் விடாம ரோட்டுக்கு வந்துட்டாங்க. கேட்டதும் ஒடம்பே சிலுத்துப் போச்சுங்க... இத நாமளா செஞ்சோம்?

இந்துமதி: எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. அதான்... பயமா இருக்குது.

ஜெகதீசன்: ஏனுங்க? நாளைக்குப் புது ஜெனரேட்டர் வருது. இனிக் கரண்டே போகாது. சந்தோசப்படாம...

இந்துமதி: போகலைன்னா அவங்கவங்க ரூமுக்குள்ளயே உக்காந்துக்குவீங்க. பேச்சு நின்னுரும். அப்புறம் இதுவும் காலிக் கட்டடந்தான்.

ஜெகதீசன்: ...மேடம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேக்கரியில லைட் எரியறப்ப நமக்கு மட்டும் எப்படிங்க கரண்ட் போகுது?

இந்துமதி: மெயின் ஸ்விட்ச்ச அணைக்கறது நான்தான். ஆரம்பத்துல நெசமாவே போச்சு. நீங்கெல்லாம் அடுப்பச் சுத்தி உக்காந்து பேசினதப் பாத்தேன்... அத விட மனசு வரல. திட்டறதுன்னா திட்டிக்குங்க.

ஜெகதீசன்: திட்டறதா? அட போங்க மேடம்! எங்க எல்லார் ரூம்லயும் மொத மழைக்கே பேட்டரி வாங்கி வெச்சாச்சு. ஒரு மெஷினும் நின்னதில்ல. சும்மா பேசப் போறேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க... அதான் கரண்ட் மேல பழியப் போட்டுட்டு எறங்கி வந்தோம்.