அவளுக்குப் பேசியவள்

காப்பி வேண்டாம், ஐயா. சூடான பாலில் கொஞ்சம் தேன் விட்டுத் தந்தால் போதும். தொண்டையை வைத்துப் பிழைக்கிறவள் நான்.

நீவெஸ் பொர்த்தொலினை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிலான் மேடைகளில் உடைகளைக் காட்டி நடந்தவள், பிறகு பாரிஸ், ஹாலிவுட் என்று நடிக்கப் போனவள். இத்தாலியத் திரையில் அவள் வாயசைப்புக்கு நீங்கள் கேட்டதெல்லாம் என் குரல். அவள் வெனெத்தோ கிராமத்துக்காரி. "மூஞ்சி மாதா கோயில் சிலை, வாயத் தொறந்தா மாட்டுச் சந்தை" என்று ஓர் இயக்குநர் அவள் எதிரிலேயே சொல்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். நல்ல பெண்.

போன வசந்தத்தில் ரோமில் என் வீட்டுக்குக் கேக்கோடு வந்தாள்.

"எர்சிலியாக்கா, இனிமே இங்கயும் நானே பேசணும்னு ஆசையா இருக்கு. உங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுறேன்னு நெனைக்காதீங்க. நீங்கதான் சொல்லித் தரணும்."

"அதுக்கென்ன, வா" என்றேன். கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். வரவில்லை. அன்றைக்கு எதுவுமே வரவில்லை. கேக்கை வெட்டினேன், இருவரும் சாப்பிட்டோம்.

பாடம் தொடங்குமுன் அவள் தொண்டையில் இருந்த சின்னக் கட்டியை மருத்துவர் வெட்டி எடுத்தார். ஒரு மாதம் முணுமுணுக்கக்கூடக் கூடாது என்றார். டாக்டருக்கு நடிகையின் தொண்டையைப் பற்றி என்ன தெரியும் என்று நான் சொன்னேன். காலைதோறும் குளியலறையில் நிறுத்தி, ஜன்னலைச் சாத்திக் கத்தச் சொன்னேன். உழைப்பாளி, ஒருநாளும் தவறவில்லை. ஒருநாள் கைக்குட்டையில் ரத்தத்தைக் காட்டினாள்.

"என்னக்கா இது?"

"பழைய குரல் உரிஞ்சு வருது. விட்றாத, இன்னும் சத்தமா."

என்னை நம்பினாள். கத்தினாள். பிறகொரு காலையில் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. இனி குரல் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளுடைய அமெரிக்கப் படத்தை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள்.

நான் அவளைத் தனியாக விடவில்லை. அவள் வீட்டிலேயே தங்கிச் சமைத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அவளுடைய அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, இவள் அழுதுகொண்டு நின்றாள். நான் எடுத்து "அம்மா" என்றேன்.

"அடியே, இன்னைக்குத்தான்டி படத்துல பேசுற மாதிரி பேசுற. இத்தன நாளா எங்கிட்ட மட்டும் ஏன்டி அந்தக் கட்டக் குரலு?"

கிழவிக்கு அவ்வளவு சந்தோஷம். இணைப்பைத் துண்டிக்க நீவெஸ் கையை நீட்டினாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஊரில் மழை உண்டா என்று விசாரித்தேன். அதன்பின் ஞாயிறுதோறும் நானே பேசினேன். அம்மா மனசு நோகாமல் இருந்தது.

ஆமாம், கெடும் என்று தெரிந்துதான் கத்தவைத்தேன். அவள் உங்களிடம் எழுதிக் கொடுத்ததில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் நீதிமன்றத்தில் அதை யாராவது சத்தமாக வாசித்தாக வேண்டுமே. உங்கள் குமாஸ்தா வேண்டாம், ஐயா, கெடுத்துவிடுவார். என்னிடம் கொடுங்கள். எந்த வரியில் அவளுக்குக் குரல் உடையும் என்று எனக்குத்தான் தெரியும்.