காருக்கு வைத்த ரைமர்

வோபர்னில் காலை பஸ்ஸுக்கு நின்றேன், அந்த மாதத்தில் மூன்றாவது புது வேலைக்கு. மூக்கு மரத்துப்போகும் குளிர். முன்னால் நின்ற இளைஞன் தனக்குத் தெரிந்த பெரியவரிடம் சொன்னான்:

“கார் உடனை ஸ்ராட் வந்திட்டுது அண்ணை. மாமாதான் எழும்பேல்லை.”

“விளங்கச் சொல்லடா.”

“குளிருக்கை காரைச் சூடாக்கிற எஞ்சின் ஹீற்றருக்கு ரைமர் வாங்கினனான். விடிய நாலு மணிக்குத்தான் கறண்ட் விடும். வெளியிலை பிளக் இல்லை. மாமான்ர அறைச் சுவர்ப் பிளக்கிலை ரைமரைக் குத்தி, அதிலை நாலைஞ்சு பிளக் குத்திற பவர் பாரைப் போட்டு, யன்னலாலை காருக்கு வயர் இழுத்தன். அவற்ற ஒக்சிசன் மெசினும் அந்தப் பவர் பாரிலைதான்.”

“ஐயோ! கறண்ட் நிண்டா மெசின் கத்துமே!”

“கத்தினது. ரைமர் கத்துதெண்டு நினைச்சு, கதவைச் சாத்திப்போட்டுப் படுத்திட்டன்.”

“ஆள் இருக்கிறாரோ?”

“ஐசியூவிலை. காரும் என்ர மனிசியோடை அங்கைதான். மெசின் எவ்வளவு நேரம் நிண்டதெண்டு டொக்ரர் கேட்டவர். மனிசி, அவற்ற மகள், பக்கத்திலை நிண்டவள். தெரியாதெண்டிட்டன்.”

பெரியவர் கையுறையைக் கழற்றித் தன் போனை எடுத்தார்.

“மனிசின்ர நம்பரைச் சொல்லு. டொக்ரருக்கு அந்த நேரம் தெரியவேணும்.”

பஸ் வந்து கதவைத் திறந்தது.

“அவள் என்னை வீட்டுக்கை விடமாட்டாள் அண்ணை.”

“நம்பரைச் சொல்லடா.”

அவன் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னான்.