சிவப்புப் பட்டை போட்ட அம்பு

இந்த மேசைக்கு வார்னிஷ் அடித்தவன் அவசரக்காரன், சார். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதை இழுத்திருக்கிறான். கை வைத்தால் பிசுபிசுக்கிறது. குறை சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னேன். முப்பது வருடமாக மரத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இது ஒரு வியாதி.

மரத்தில் வில்லும் அம்பும் செய்வது என் தொழில். மைதானத்தில் குறிபார்த்து அடிக்கப் பழகுகிறவர்கள் வந்து வாங்குவார்கள். பட்டறை என்னுடையது. என் தங்கை வீட்டுக்காரர் ஆலை மூடி, வேலையில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தங்கை வந்து அழுதாள். உள்ளே சேர்த்துக்கொண்டேன்.

மூன்றே வருடம். அவர் இழைத்த வில்லின் நாணை இழுத்தால் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அளவாக வளையும். எனக்கு அது பத்துக்கு ஆறில்தான் வாய்க்கும். வருகிறவர்கள் அவரையே கேட்க ஆரம்பித்தார்கள். யாரும் போகச் சொல்லவில்லை, நானாகவே அம்பு செய்யும் மூலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஒருநாள் மைதானத்துப் பயிற்சியாளர் புது ஆள் ஒருவரைக் கூட்டி வந்தார். என் முன்னாலேயே அவரிடம் சொன்னார்: "வில்ல மாப்பிள்ளகிட்ட வாங்குங்க. அம்பு யார் செஞ்சா என்ன, குச்சிதானே."

தங்கை வீட்டுக்காரரும் சிரித்தார். அவர்கள் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவரு வெளையாட்டுக்குச் சொன்னாரு மச்சான். மனசுல வெச்சுக்காதீங்க."

"ச்சே, இதுக்கெல்லாமா" என்றேன். அவர் சிரித்ததைவிடச் சமாதானம் சொல்ல வந்ததுதான் அதிகம் சுட்டது.

அம்பு செய்கிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எய்வதற்கு முன் குச்சியின் இரண்டு முனையையும் பிடித்துக் காதருகே லேசாக வளைப்போம். கிறீச் என்று முனகினால் உள்ளே கீறல் இருக்கிறது என்று அர்த்தம். ஒடித்து அடுப்பில் போட்டுவிடுவோம். வெளியில் வாங்கிய அம்பு ஒவ்வொன்றையும் அவர் அப்படித்தான் சோதிப்பார். நான் செய்ததை மட்டும் காதருகே கொண்டுபோனதில்லை. "மச்சான் கை பட்டத நான் சோதிக்கிறதாவது" என்பார். அவர் வைத்திருந்த மரியாதை எனக்கு வசதியாகப் போயிற்று.

அந்த ஒரு அம்புக்கு நான்கு நாள் பிடித்தது. மர ரேகை குறுக்கே ஓடி, கீறலும் விட்டிருந்த குச்சியாகப் பார்த்து எடுத்தேன். கீறலில் பசையும் மரத்தூளும் அடைத்துத் தேய்த்து, அதன்மேல் விரல் அகலத்துக்கு இரண்டு சிவப்புப் பட்டை போட்டேன். மேசையில் உருட்டினால் தடங்கலில்லாமல் உருண்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

புது வில்லின் முதல் அம்பை எப்போதும் அவர்தான் பின்கட்டில் வைக்கோல் பொதியின்மீது எய்து பார்ப்பார். வியாழக்கிழமை காலை ஒரு பெண்ணுக்காகச் செய்த வில் தயாரானது. பக்கத்தில் என் அம்பை வைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தங்கை டீ கொண்டுவந்தாள். சட்டை தைத்துக் குடும்பத்துக்குக் கை கொடுக்கிறவள் அவள்.

"நீ இழுத்துப் பாரு. உன் கை அளவுக்கு இருக்கும்" என்றார் அவர்.

அவள் என் பக்கம்தான் திரும்பினாள். "எப்படிண்ணே பிடிக்கணும்?"

எழுந்து போய் அவள் விரல்களை நாணில் வைத்தேன். "முழங்கையத் தூக்கும்மா" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன்.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். நேரம் இருந்தது. ஆனால் "அத வை" என்று சொல்லியிருந்தால் அவர் அம்பை வாங்கிக் காதருகே வளைத்திருப்பார். முனகியிருக்கும். என் மூலையிலிருந்து ஓட்டை அம்பு வருகிறது என்று சாயங்காலத்துக்குள் மைதானம் முழுக்கத் தெரிந்திருக்கும். அதை என்னால் தாங்க முடியாது, சார்.

அவள் நாணை விட்ட கணத்தில் அம்பு ஒடிந்து, பின்பாதி அவள் இடது உள்ளங்கைக்குள் போனது. இரண்டு விரல் இனி மடங்காது என்கிறார் டாக்டர். தையல் மெஷினில் துணியை நகர்த்த அவளால் முடியவில்லை.

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன் வில்தான் காரணம் என்று நினைத்து, செய்து வைத்திருந்த எல்லாவற்றையும் உடைத்து அடுப்பில் போட்டார். "நான்தான் உன் கையக் கெடுத்துட்டேன்" என்று அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார். நான்தான் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்தேன். இப்போது வில்லுக்கும் என்னிடமே வருகிறார்கள்.

பேசாமல் இருந்திருப்பேன். நேற்று உங்கள் ஏட்டையா பட்டறைக்கு வந்து அறிக்கையை வாசித்தார். ஒடிந்த துண்டுகளை யாரோ ஆராய்ந்தார்களாம். 'கவனக்குறைவாகச் செய்யப்பட்ட அம்பினால் நேர்ந்த விபத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்சியாளர் வேறு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள், சார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த வேலை அது. என் ஆயுளில் வேறெந்த அம்பையும் நான் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.