லேபிள் சுரண்டிய குப்பி

அவைக்குத் தலைமை தாங்கி, "சுருக்கமா முடிச்சிடு" என்று என் காதோரம் சொல்லிவிட்டு இப்போது சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிஷப் ரூலன் கிறிஸ்டென்சன் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! நம் ஜூனிப்பர் பெண்ட் ஊரில் யார் வீட்டில் யாருக்கு இருமல் என்பதை அந்த வீட்டுக்காரருக்கு முன்பே அறியும் ஆற்றல் படைத்த தாய்மார்களே! வான்கோழிப் பண்ணையிலிருந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்திருக்கும் உழவர் பெருமக்களே! சுவரோரம் மேசை போட்டு, வண்ணக் குப்பிகளை வரிசையாக அடுக்கி, இவன் பேச்சு எப்போது முடியும், நம் வியாபாரம் எப்போது தொடங்கும் என்று காத்திருக்கும் விற்பனைச் செம்மல்களே! உங்கள் அனைவருக்கும் இந்த மாட்டு வைத்தியன் டெல்வின் நீல்சனின் வணக்கம்.

இந்த ஆரோக்கியத் திருநாளில் எனக்குக் கொடுத்த தலைப்பு 'இயற்கை அள்ளித்தரும் நலம்'. நலத்தைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் சந்தேகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அழைத்தவர்கள் என் பிழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் என் தொழில், ஐயா. மேய்ச்சலில் ஒரு மாடு சுருண்டு விழுந்தால் நான் முதலில் மாட்டைப் பார்ப்பதில்லை, வேலியைப் பார்ப்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பேன். நம் மலைச்சரிவில் வசந்தத்தில் நீலநிறப் பூப்பூக்கும் செடி ஒன்று உண்டு. கண்ணுக்குக் குளிர்ச்சி, கறவைக்குக் காலன். அதை எந்தத் தொழிற்சாலை செய்தது? எந்தக் கம்பெனி விற்றது? இயற்கைதான் தந்தது. மழை பெய்து, வெயில் காய்ந்து, கலப்படம் துளியும் இல்லாமல் வளர்ந்த நஞ்சு அது. இயற்கை என்று எழுதிவிட்டால் குற்றம் குறையுமா? பச்சை வண்ணத்தில் அச்சடித்துவிட்டால் பாதகம் தீருமா?

மேசைப் பக்கம் முணுமுணுப்புக் கேட்கிறது. என்ன சொல்கிறீர்கள், தம்பி? மாடு வேறு, மனிதன் வேறா? ஒப்புக்கொள்கிறேன். என்ன தின்றது என்று கேட்டால் மாட்டுக்குச் சொல்லத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டான். அந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மூன்றாம் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தேயின் ஆல்சனை உங்களுக்குத் தெரியும். பள்ளத்தாக்கிலேயே பெரிய வான்கோழிப் பண்ணைக்காரர். பக்கத்தில் அவர் மனைவி மெர்லீன். அவர்கள் கதையை அவர்கள் அனுமதியோடுதான் சொல்கிறேன். கதையில் வரும் மற்றவர்களிடமும் கேட்டுவிட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

போன குளிர்காலத்தில் தேயின் காய்ச்சலில் படுத்தார். படுத்த செய்தி பரவியது. நம் ஊர் வழக்கம் என்ன? வாசலில் பண்டத்தை வைப்போம், மணியை அடிப்போம், ஓடி ஒளிந்துகொள்வோம். பெயர் எழுதமாட்டோம். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்ற பணிவு. அழகான வழக்கம்தான், நான் மறுக்கவில்லை. அந்த வாரம் ஆல்சன் வீட்டு மணி ஓயவில்லை. எல்டர்பெரிப் பழச் சிரப் வந்தது. மஞ்சள் மாத்திரை வந்தது. உள்ளங்காலில் தேய்க்கும் எண்ணெய் வந்தது. கூடவே ஒரு கண்ணாடிக் குப்பி, பச்சைப்பொடி அடைத்த மாத்திரைகளோடு, லேபிள் சுரண்டப்பட்டு வந்தது.

கவனியுங்கள். லேபிள் கிழிந்த குப்பி அல்ல, சுரண்டப்பட்ட குப்பி. நகத்தால் சுரண்டி, வெந்நீரில் ஊறவைத்து, பசைகூட மிஞ்சாமல் துடைத்த குப்பி. யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். நானாக இருந்தால் அதை எடுத்துக் குப்பையில் எறிந்திருப்பேன். மெர்லீன் எடுத்து அடுப்படி அலமாரியில் வைத்தார்.

காய்ச்சல் போனது. களைப்புப் போகவில்லை. பசி போனது, கண்ணில் மஞ்சள் வந்தது. புரோவோ நகரத்துப் பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். கல்லீரல் கெட்டுக்கொண்டே போகிறது, காரணம் புரியவில்லை, இப்படியே போனால் மாற்றுக் கல்லீரலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. மெர்லீனிடம் மருந்து மாத்திரை என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். காய்ச்சல் மாத்திரை ஒன்றுதான் என்று மெர்லீன் சொன்னார். பொய் சொல்லவில்லை, சத்தியமாக நம்பித்தான் சொன்னார்.

நான் பார்க்கப் போனேன். தேயின் எலுமிச்சம்பழ நிறத்தில் படுத்திருக்கிறார். மெர்லீன் ஒரு கிண்ணத்தில் ஆப்பிள் கூழை வைத்துக்கொண்டு, ஒரு மாத்திரையைப் பிரித்துப் பச்சைப்பொடியை அதில் கொட்டிக் கலக்குகிறார். என் கண் வேறு எங்கே போகும்?

"அது என்ன மெர்லீன்?" என்றேன்.

"இதுவா? யாரோ வாசல்ல வச்சிட்டுப் போனது. கழிவெல்லாம் வெளிய தள்ளும் போல இருக்கு."

"டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களா?"

"அவங்க மருந்து என்னன்னுதானே கேட்டாங்க. இது மருந்து இல்லைங்களே. நம்ம சனம் அன்பா குடுத்தது."

"அன்புல என்ன கலந்திருக்குன்னு தெரியுமா?"

"நீங்க எப்பவும் இப்படித்தான் டெல்வின். மாட்டுக்குப் போடற ஊசியையே ரெண்டு தரம் மோந்து பாக்கற ஆளு."

ஆமாம், மோந்து பார்ப்பேன். அதனால்தான் என் கையில் மாடுகள் பிழைக்கின்றன.

டாக்டரம்மாவிடம் குப்பியைக் கொண்டுபோனேன். அவர் முகம் மாறிவிட்டது. "முதல்ல இதை நிறுத்துங்க. ஆய்வுக்கு அனுப்பறேன், ஆனா அது வர நாளாகும். யார் குடுத்தாங்கன்னு கேட்டு, என்ன இதுன்னு தெரிஞ்சா அவருக்கு நல்லது" என்றார். மீதியை எடுத்துக்கொண்டு, சில மாத்திரைகளோடு குப்பியை என் கையில் கொடுத்தார்.

அந்த ஞாயிறு நம் உபவாச ஞாயிறு. யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சாட்சி சொல்லும் நாள். சாட்சி சொல்வதில் நம்மை யார் வெல்ல முடியும்? கடவுளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அதே குரலில், அதே கண்ணீரில், அதே "எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்ற உறுதியில், திங்கட்கிழமை எண்ணெய்க்கும் சாட்சி சொல்கிறோம், செவ்வாய்க்கிழமை பொடிக்கும் சாட்சி சொல்கிறோம். கடவுளுக்குச் சொல்லும் சாட்சியைக் கம்பெனிக்குச் சொல்லலாமா? கேட்பவர்கள் இரண்டையும் ஒரே காதால்தானே கேட்கிறார்கள்?

நான் மேடையேறினேன். குப்பியைத் தூக்கிக் காட்டினேன். தேயின் வாசலில் இதை வைத்தவர் யார் என்று கேட்டேன். கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டேன்.

தலைகள் திரும்பின. எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பின. வோண்டா பீட்டர்சனைப் பார்த்து.

வோண்டாவை ஏன் பார்த்தீர்கள்? பாலைநிலத்துச் செடி பறிக்கிறாள், சிரப் காய்ச்சுகிறாள், கோவிலுக்கு எப்போதாவதுதான் வருகிறாள், அதனால் பார்த்தீர்கள். வோண்டா எழுந்து ஒரே வரிதான் சொன்னார்.

"என்னோடது இல்ல. என்னோடதா இருந்தா லேபிளைச் சுரண்டமாட்டேன், நானே கையால எழுதிக் கட்டியிருப்பேன்."

நம்பினீர்களா? யார் நம்பினீர்கள்? பின்பெஞ்சில் ஒருவர், "செடி பறிக்கறவளுக்குத்தானே தெரியும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடைவரைக்கும் கேட்டது. அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அவர் இப்போது என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கிறார்.

அப்போது எழுந்தார் சகோதரி லாரூ பேக்லி. நம் பெண்கள் சங்கத் தலைவி. காப்பி கூடாது, தேயிலை கூடாது, மது கூடாது, புகையிலை கூடாது என்ற நம் சபை விதியைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர். கையை முன்பெஞ்சில் ஊன்றிக்கொண்டார்.

"நான்தான் வச்சேன். டென்வர்ல இருக்கற என் மக அனுப்பினா. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. தேயினுக்கும் நல்லது பண்ணும்னு நினைச்சேன்."

"அதுல என்ன இருக்கு சிஸ்டர்?" என்று பிஷப் மெதுவாகக் கேட்டார்.

"தேயிலை. பச்சைத் தேயிலைச் சாறை வத்த வச்சு மாத்திரையாக்கினது. லேபிள்ல தேயிலைப் படம் போட்டிருந்துச்சு. நானே தேயிலை கூடாதுன்னு பாடம் எடுக்கறவ. யாராவது பாத்துட்டா என்ன சொல்றதுன்னுதான் சுரண்டிட்டேன்."

நஞ்சென்று தெரிந்து மறைக்கவில்லை, ஐயா. நாணத்தால் மறைத்தார். ஒரு கோப்பைத் தேநீர் குடித்தால் பாவம் என்று பயப்படுகிற நாம், பல கோப்பைகளின் சாரத்தை ஒரே மாத்திரையில் அடைத்து விழுங்கிவிட்டு, அதற்கு ஆரோக்கியம் என்று பெயர் வைக்கிறோம். எல்லோருக்கும் கேடில்லை, லாரூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலர் கல்லீரல் அதைத் தாங்குவதில்லை, தேயினுடையது தாங்கவில்லை. யாருடையது தாங்கும், யாருடையது தாங்காது என்று முன்கூட்டிச் சொல்லும் சாட்சி எவரிடம் இருக்கிறது?

லாரூ அன்று மாலையே மருத்துவமனைக்குப் போன் போட்டுச் சொன்னார். பொடி ஏற்கெனவே நின்றிருந்தது, இப்போது காரணமும் தெரிந்தது. மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. மாற்றுக் கல்லீரலுக்கு அவசியம் வரவில்லை. தேயின் வீடு திரும்பினார், பண்ணைக்கும் திரும்பினார், என்னிடம் வாய்ச்சண்டை போடவும் திரும்பினார்.

கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எழுந்து நின்ற லாரூவின் துணிவைப் பாராட்டி அந்த மாதம் அவர் வீட்டுக்கு எத்தனை கேக் போனது என்று எனக்குத் தெரியும். பாராட்ட வேண்டியதுதான். வோண்டா வீட்டுக்கு என்ன போனது? ஒரு மன்னிப்பு போனதா? ஒரு ரொட்டித்துண்டு போனதா? ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்?

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். சந்தேகப்படுங்கள். தாராளமாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் எதைச் சந்தேகிக்க வேண்டுமோ அதைச் சந்தேகியுங்கள். குப்பியைச் சந்தேகியுங்கள், குணமாகும் என்ற வாக்கைச் சந்தேகியுங்கள், பக்கவிளைவே இல்லை என்ற பசப்பைச் சந்தேகியுங்கள், இந்த மாட்டு வைத்தியன் பேச்சையும் சந்தேகித்து உங்கள் மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். நாம் என்ன செய்தோம்? பெயர் தெரியாத குப்பியை நம்பினோம், பெயர் தெரிந்த மனுஷியைச் சந்தேகித்தோம்.

சரி, ஒரு சோதனை. இன்று காலை சிரப்போ, பொடியோ, எண்ணெயோ, மாத்திரையோ எடுத்துக்கொண்டு, அதைத் தன் மருத்துவரிடம் சொல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்.

ஒரு கைகூட இல்லை. இந்த ஊரிலா? நான் நம்பவில்லை. காத்திருக்கிறேன். பிஷப் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

ஆ, ஒரு கை. மூன்றாம் வரிசை. தேயின், நீங்களா?

"தொண்டை கரகரன்னு இருந்துச்சு டெல்வின். வாசல்ல ஒரு பாட்டில் இருந்துச்சு. தேனும் பூண்டும் போல வாசனை. ஒரு கரண்டிதான்."

"எனக்குத் தெரியவே தெரியாதுங்க. என்கிட்டயே மறைச்சிட்டாரு இந்த மனுஷன்" என்கிறார் மெர்லீன்.

பாட்டிலில் பெயர் இருந்ததா, தேயின்? இல்லையா? மறுபடியும் பெயரில்லாமலா? மக்களே, இவர் கல்லீரல் இப்போதுதான் தேறியிருக்கிறது. வைத்தவர் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறீர்கள். எழுந்து சொல்லுங்கள். நீங்கள் எழும்வரை நான் நன்றி சொல்லப் போவதில்லை, நன்றி சொல்லாமல் இந்தக் கூட்டம் முடியப் போவதில்லை.

யார் அங்கே, கதவோரம்? வழிவிடுங்கள். வோண்டா. நீங்களா, வோண்டா? ஒலிபெருக்கி வேண்டாம், சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம்.

"நான்தான் வச்சேன். தேனு, பூண்டு, ஆப்பிள் வினிகர். வேற எதுவும் இல்ல. பேரு எழுதத்தான் உக்காந்தேன். எழுதலை. என் பேரு போட்டிருந்தா நீங்க அதைக் கீழ ஊத்தியிருக்கமாட்டீங்களா?"

பெயரை எழுதுங்கள், பெயரை எழுதுங்கள் என்று முழங்கத்தான் வந்தேன். பெயரை எழுத முடியாதபடி ஒருத்தியை நாமே ஆக்கி வைத்திருக்கிறோம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் அல்ல. தேயின், எழுந்திருங்கள். அவர் உங்களைத்தான் கேட்டார்.

"ஊத்தியிருப்பேன் வோண்டா. பொய் சொல்லமாட்டேன், ஊத்தித்தான் இருப்பேன். தப்புதான். நாளைக்குப் பேரு போட்டு, உள்ள என்ன இருக்குன்னு எழுதிக் குடு. டாக்டரம்மாகிட்ட காட்டறேன். அவங்க சரின்னா குடிக்கறேன். நான் குடிக்கறப்ப நீ வந்து எதிர்ல உக்காரு."

"வர்றேன்" என்கிறார் வோண்டா.

அவ்வளவுதான், மக்களே. இதற்குமேல் நான் பேசினால் கெடுத்துவிடுவேன். மெர்லீன், உங்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, நகர்ந்து இடம் கொடுங்கள். தாயே வோண்டா, முன்னால் வந்து உட்காருங்கள். தலைமை தாங்கிய பெருந்தகைக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், வெட்கத்தோடு கேட்ட தாய்மாருக்கும், என்மேல் கடுப்போடு கேட்ட மேசைக்காரர்களுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.