முதலில் வந்த விடையை நம்பாதவருக்கு

ஐயம் அகலாத எங்கள் அக்கா அவர்களே! கேட்டதும் கிடைத்த விடையைக் கேள்விகளால் துளைத்தெடுக்கும் மேற்பார்வையாளரே! பணி ஓய்வு பெறும் தங்களுக்குப் பணிவான வணக்கம்.

யார் எதைக் கேட்டாலும் இணையதளங்களில் தேடி, இமைப்பொழுதில் எடுத்துச் சொல்வதே இந்தத் தொலைபேசித் தகவல் மையத்தின் பிழைப்பும் பெருமையும். அந்தப் பெருமையில் நாள்தோறும் மண்ணை அள்ளிப் போட்டவர் தாங்கள்! நாலு தட்டுத் தட்டினால் விடை வந்துவிடும். வந்த கையோடு முதுகுக்குப் பின்னால் தங்கள் குரலும் வந்துவிடும். "எழுதினது யாரு? எப்ப எழுதினது?" பேருந்து நேரம் கேட்டவரைக் காக்க வைத்துவிட்டுப் பணிமனைக்கே ஃபோன் போட்டுச் சரிபார்த்த புண்ணியவதி தாங்கள். பளபளப்பான பக்கமாக இருந்துவிட்டால் போதும், தங்கள் புருவம் இன்னும் ஒரு படி ஏறும்.

மேடையில் வைத்தே சொல்லிவிடுகிறோம்: தங்கள் சந்தேகத்தின் மீது எங்களுக்குப் பெருஞ்சந்தேகம் இருந்தது. கணினி ஓட்டத் தெரியாததை மறைக்கத்தான் இந்த ஆர்ப்பாட்டம் என்றது ஒரு கட்சி. மேலிடத்தில் கோள்மூட்டச் சாக்குத் தேடுகிறார் என்றது இன்னொரு கட்சி. தேநீர் வேளையில் தங்கள் தலை தெரிந்தாலே பேச்சை மாற்றிவிடுவோம்.

அப்படியிருக்கையில்தான் ஒரு பிற்பகல், எங்களுள் ஒருத்தியின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. கழிவுக்குழாய் அடைப்பு நீக்கும் திரவத்தை அவள் குழந்தை குடித்துவிட்டது. நாங்கள் எல்லோரும் தேடினோம், சட்டென்று கிடைத்தும்விட்டது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வையுங்கள் என்றது முதல் பக்கம். இரண்டாவதும் அதையே சொன்னது. அதை அவள் தொலைபேசியில் சொல்ல, வீட்டில் அவள் கணவர் டம்ளரில் உப்பைக் கலக்கிக்கொண்டு நின்றார்.

அவள் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினீர்கள் தாங்கள். "எதையும் குடுக்காதீங்க, ஒரு நிமிஷம் பொறுங்க." இரண்டு பக்கமும் வரி மாறாமல் ஒன்றாயிருப்பதையும், எழுதியவர் பெயர் எங்குமே இல்லாததையும் சுட்டிக்காட்டியபடியே, மறு தொலைபேசியில் மருத்துவமனையின் நச்சு சிகிச்சைப் பிரிவை அழைத்தீர்கள். வாந்தி எடுக்க வைத்தால் இறங்கும்போது எரித்தது ஏறும்போதும் எரிக்கும், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் மருத்துவர். தொண்டைப் புண் ஆற வெகுநாள் ஆயிற்று, ஆனாலும் குழந்தை பிழைத்துவிட்டது.

நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம். தாங்கள் அந்தக் கும்பிடையும் நம்பவில்லை. "எனக்கு மட்டும் என்ன தெரியும்? பயமா இருந்துச்சு, அதான் கேட்டேன்," என்றீர்கள். பயம் எங்களுக்கும்தான் இருந்தது. ஆனால் கையில் கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றோம், கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் அலட்சியத்தைப் பொறுத்தருள்க. உடல் நலம் குன்றாமல், உள்ளம் சோராமல், தரப்படும் மருந்தையும் தட்டிக்கேட்டுக்கொண்டே நீடூழி வாழ்க!

இதை வாசிக்கும் குரல் இடறினால் மன்னியுங்கள், அக்கா. வாசிப்பவள் அந்தக் குழந்தையின் தாய்.

என்றும் நன்றியுடன்,
தகவல் மையப் பணியாளர்கள்