செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி

முல்லைத்தீவுக் கரையோரம், மரியமலரின் குசினி. 1993, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு. இருந்தவர்கள் மூன்று பேர்.

மரியமலர், புருசன் விட்டுப்போன வலையைப் பங்குக்குக் கொடுத்துச் சீவிக்கிறவள். திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

வின்சன், அவள் புருசனின் தம்பி. கடற்றொழிலாளர் சங்கத்தின் காரியதரிசி. வீட்டிலிருந்த ஒரே கதிரையில், மடியில் சுளகைக் கவிழ்த்து, அதன்மேல் கடதாசி வைத்திருந்தார்.

யோசெப், அவளுடைய தமையன். வலை முதலாளியும் சங்கத் தலைவருமான செல்வராசா சம்மாட்டியின் கரைவலையை இழுக்கிறவர். வாசற்படியில் இருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

மரியமலர்: ஒரு கை அண்ணை! தலைவர் தெரிவில எனக்கு விழுந்தது ஒரேயொரு கை. அதுவும் என்ர கை!

யோசெப்: வந்ததே சம்மாட்டியாரிட மருமக்களும் மச்சான்மாரும்தானே. அவையள் உனக்கே தூக்குவினம்?

மரியமலர்: அதைத்தான் நானும் கேக்கிறன். செவ்வாய்க்கிழமை காலமை ஒன்பது மணிக்குக் கூட்டம் வைச்சால் வேற ஆர் வருவினம்? வலை இழுக்கிறவன் கயிற்றை விட்டிட்டு ஓடி வருவானோ?

யோசெப்: விடேலாது. விட்டால் வலை போயிடும்.

மரியமலர்: வருசா வருசம் இதே விளையாட்டு. எழுதுங்கோ தம்பி. பட்டப்பகல் கொள்ளை எண்டு எழுதுங்கோ.

வின்சன்: கொள்ளை எண்டு போடேலாது மச்சாள். கூட்டுறவுப் பரிசோதகர் ஐயா வாசிக்கிற கடிதம். நான் இப்பிடிப் போட்டிருக்கிறன்... "மேற்படி நேரமானது உறுப்பினர்களின் தொழில் நேரமாக அமைவதனால், பெரும்பாலானோர் சமுகமளிக்க இயலாதிருப்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன்..."

மரியமலர்: தாழ்மையோ? எனக்கு வாற ஆத்திரத்துக்குத் தாழ்மையோ? வெட்டுங்கோ அதை!

வின்சன்: தாழ்மை இல்லாமல் கடிதம் போகாது மச்சாள். அது முத்திரை மாதிரி.

யோசெப்: விடு பிள்ளை. அவன் படிச்சவன்.

மரியமலர்: பொருளாதாரத் தடைக்குள்ள ஆரோ மண்டாடிக் கொண்டுவந்த வலைநூல். சங்கத்துக்கு எண்டு வந்த நூல். முழுக்கச் சம்மாட்டியாரிட வாடிக் கொட்டிலுக்குள்ள! என்ர வலையைப் பாத்தனீங்களே? மீன் உள்ள வந்து சுகம் விசாரிச்சுப்போட்டு மற்றப் பக்கத்தால போகுது.

யோசெப்: ஹ்ம்.

மரியமலர்: சிரிக்காதேங்கோ. இனியும் நான் தோத்தால் அந்த வலையைக் கோழிக்கூட்டுக்குத்தான் சுத்தோணும். தம்பி, கூட்டத்தைத் திரும்ப வைக்கச் சொல்லி எழுதுங்கோ. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிய.

யோசெப்: ஞாயிறோ... கர்த்தருடைய நாளெல்லே.

மரியமலர்: கர்த்தரோட நான் கதைக்கிறன்.

யோசெப்: பூசைக்குப் பட்டினி கிடந்து பசியோட நிக்கிற சனம்...

மரியமலர்: அப்ப பின்னேரம்.

யோசெப்: இருட்டிப்போம். விளக்குக்கு எண்ணெய் எங்க?

மரியமலர்: சனிக்கிழமை மத்தியானம்?

யோசெப்: வெய்யிலடி பிள்ளை...

மரியமலர்: என்ன அண்ணை இது? ஆண்டவர் படைச்ச ஒரு நேரமும் உங்களுக்குச் சரிவராதோ? ஏன் தலையைச் சொறியிறீங்கள்? அண்டைக்கு நீங்கள் வலையிலதானே நிண்டனீங்கள்?

யோசெப்: ஓம்... வலையிலதான்.

மரியமலர்: எந்த வலை? அண்டைக்குக் கடல் பொங்கி அடிச்சது, ஒருத்தரும் வலை வளைக்கேல்லை எண்டு பக்கத்து வீட்டு மீனம்மா சொன்னவள். நான் நம்பேல்லை. என்ர அண்ணை சும்மா இருந்தால் வந்திருப்பார் எண்டு அவளோட சண்டையும் பிடிச்சனான். எங்க இருந்தனீங்கள்?

யோசெப்: வாடிக்குப் பின்னால. வலைக்கு ஓட்டை அடைச்சுக்கொண்டு. எல்லாரும்தான் இருந்தம்.

மரியமலர்: வாடிக்குப் பின்னாலயோ! சங்கக் கட்டடத்தில தும்மினால் அங்க கேக்குமே! நான் அங்க தனிய ஒரு கையைத் தூக்கிக்கொண்டு கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறன், நீங்கள் ஓட்டை அடைச்சனீங்களோ?

யோசெப்: வந்து? வந்து என்ன செய்ய? கை தூக்கோணும்! சம்மாட்டியார் முன்னுக்கு இருந்து திரும்பித் திரும்பிப் பாப்பார். உனக்குத் தூக்கினால் விடியக் கயிற்றில எனக்கு இடமில்லை. அவருக்குத் தூக்கினால் உன்ர முற்றம் மிதிக்கேலாது. ஒன்பது மணி எண்டால் "தொழில்" எண்டு ஒரு சொல்லோட தப்பலாம். ஞாயிற்றுக்கிழமை எண்டால் என்னத்தைச் சொல்லித் தப்புறது? சொல்லு!

மரியமலர்: அப்ப... நேரத்தை மாத்தினால்...

யோசெப்: எல்லாரும் வருவம். வந்து எல்லாரும் அவருக்குத்தான் தூக்குவம்.

மரியமலர்: நானே தாழ்மையுடன் எழுதி அவருக்குச் சனம் சேர்த்துக் குடுக்கப் பாத்திருக்கிறன்.

வின்சன்: கடிதத்தைக் கிழிக்கட்டே மச்சாள்?

மரியமலர்: கிழிச்சால் கடதாசிக்கு எங்க போறது? கீழ இடம் கிடக்குதுதானே. எழுதுங்கோ. ஞாயிற்றுக்கிழமை. ஆனால் கை இல்லை. சீட்டு. சீட்டை மடிச்சுப் பெட்டிக்குள்ள போடோணும்.

யோசெப்: பெட்டிக்கு எங்க போவாய்?

மரியமலர்: கோயில் காணிக்கைப் பெட்டி. அந்தோனியாருக்கு ஆர் என்ன போட்டது எண்டு இந்த ஊரில இதுவரைக்கும் ஆருக்காவது தெரியுமே?

யோசெப்: அதெண்டால்... அதெண்டால் வருவாங்கள் பிள்ளை. வாடிக்குப் பின்னால இருந்த முழுப்பேரும் வருவாங்கள்.

வின்சன்: "...மேலும், கை உயர்த்தும் முறையைத் தவிர்த்து, இரகசியச் சீட்டு மூலம் தெரிவை நடத்தித் தருமாறு..." சரி. இனிக் கையெழுத்து.

யோசெப்: கையெழுத்தும் கைதானே, வின்சன்.

மரியமலர்: இஞ்ச தாங்கோ. ம... ரி... ய... மலர். வைச்சாச்சு. திரும்பவும் ஒரு கை. அதுவும் என்ர கை.

யோசெப்: ...தா பேனையை.

மரியமலர்: படியில இருந்து வைக்காதேங்கோ. மற்றக் காலையும் உள்ள எடுங்கோ.

யோசெப்: எடுத்தாச்சு. கயிற்றில இடமில்லை எண்டால் உன்ர ஓட்டை வலையைத்தான் இழுப்பன், சொல்லிப்போட்டன்.

வின்சன்: மச்சாள், ரெண்டு பருக்கை சோறு தாங்கோ, கடித உறையை ஒட்ட... ம். ஒட்டியாச்சு. புதுக்குடியிருப்பு பஸ் வரப்போகுது. கண்டக்டரிட்டக் குடுத்தால் நாளைக்குப் பரிசோதகர் ஐயாட கந்தோரில கிடக்கும்.

மரியமலர்: பொறுங்கோ. அனுப்புநர் எண்ட இடம் வெறுமையாய்க் கிடக்குது.

வின்சன்: அது போடாட்டிலும் போகும்.

மரியமலர்: உள்ளுக்கும் நீங்கள் கையெழுத்து வைக்கேல்லை.

வின்சன்: நான் எழுதினவன் மச்சாள். எழுதினவன் வைக்கக்கூடாது.

யோசெப்: அண்டைக்குக் கூட்டத்தில, கையை எண்ணுற காரியதரிசி கை தூக்கக்கூடாது எண்டாய். இண்டைக்கு எழுதுறவன் கையெழுத்து வைக்கக்கூடாது. உன்ர கைக்கு மட்டும் நல்ல நல்ல சட்டமடா!

மரியமலர்: ஓம் தம்பி, அண்டைக்குச் சொன்ன அந்தச் சட்டம் எந்தப் புத்தகத்தில கிடக்குது?

வின்சன்: பஸ் ஹோன் கேக்குது...

மரியமலர்: கேக்கட்டும்.

வின்சன்: ...சரி. "அனுப்புநர்: சூ. வின்சன், காரியதரிசி." போதுமே?

மரியமலர்: எழுத்துச் சின்னன். பெருப்பியுங்கோ.

வின்சன்: இந்தாங்கோ. இனிக் கண்டக்டர் மிதிபலகையில நிண்டே வாசிப்பான். நான் ஓடுறன்.

யோசெப்: ஓடு, ஓடு! விட்டிடாதை!

மரியமலர்: தம்பி! சொல்லிப்போட்டுப் போங்கோ! எந்தப் புத்தகம்?

வின்சன்: கண்டக்டர், இதைக் கந்தோரில குடுத்துவிடு! ...மச்சாள்! புத்தகம் ஒண்டுமில்லை! அண்டைக்கு நீங்கள் கையைத் தூக்கி என்னைப் பாத்த உடனதான் அந்தச் சட்டத்தை நான் இயற்றினனான்!