சூப் டப்பாவின் பொடி எழுத்து

டப்பாவில் வரும் கோழி சூப்பைக் கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் நூடுல்ஸ் குழைந்து பசையாகிவிடும். ஓரத்தில் ஆவி கிளம்பும்போதே அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். காலமெல்லாம் கல்யாணம் பண்ணாமல் இருந்த விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போலீஸ் வாக்குமூலத்துக்கு நீங்கள் கேட்டது இதை அல்ல என்று எனக்குத் தெரியும், ஷெரீப். ஆனால் நடந்ததெல்லாம் சூப்பில்தான் நடந்தது. அங்கிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

என் பெயர் ஆர்டெல். தம்பி ஓர்லின் என்னைவிட நாலு வயது சின்னவன். அவனும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வட டக்கோட்டாவில் நார்வேக்காரக் குடும்பங்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. அப்பா விட்டுப்போன சர்க்கரை பீட்ரூட் நிலத்தில், அம்மா விட்டுப்போன சமையலறையில் நாங்கள் இருவரும் இருந்தோம். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். பேச என்ன இருக்கிறது, மழை பெய்தால் இரண்டு பேருக்கும்தானே தெரியும்.

ஓர்லினுக்குச் சர்க்கரை நோய் வந்தது. முதலில் கண் மங்கியது. பிறகு சிறுநீரகம் போயிற்று. வாரத்தில் மூன்று நாள் டவுனுக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். நான்தான் வண்டி ஓட்டுவேன். அவன் இயந்திரத்தோடு கிடக்கும் நேரமெல்லாம் வாசலில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது சிரமமாகவே இல்லை. உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் கிடையாது.

அங்கே கெய்லா என்று உணவு ஆலோசகர் ஒரு பெண். பேத்தி வயசு. மேசையில் டப்பாக்களை அடுக்கிவைத்து எங்களுக்கு வகுப்பு எடுத்தாள்.

"முன்பக்கத்தப் பாத்து ஏமாறாதீங்க சார். முன்பக்கம் விக்கிறதுக்கு, பின்பக்கந்தான் திங்கிறதுக்கு" என்றாள். "எது அதிகமோ அது முதல்ல இருக்கும். கடைசியில பொடி எழுத்துல இருக்கிறது கொஞ்சந்தான், ஆனா கடிக்கிறது அதுதான். அப்புறம், ஒரு வேளைக்கு இவ்வளவுன்னு போட்டிருப்பான். ஒரு டப்பால ரெண்டு வேளைக்கு மேல இருக்கும். யாரு பாதி டப்பாவோட எந்திரிக்கிறா?"

"இவன் எந்திரிக்க மாட்டான்" என்றேன். ஓர்லின் சிரித்தான்.

பிறகு அவள் ஒரு டப்பாவை எடுத்தாள். 'உப்பு பாதி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயமும் போட்டிருந்தது. "இதுதான் உங்களுக்கு எமன். உப்ப எடுத்துட்டா ருசி வேணுமில்ல? அதுக்குப் பதிலா பொட்டாசியம் குளோரைடு போடுறான். நல்ல சிறுநீரகம்னா வெளிய தள்ளிடும். உங்க தம்பிக்குத் தள்ளாது. காலு துவளும். அப்புறம் இதயம் நின்னுடும். அவருக்குக் கண்ணு தெரியாது, நீங்கதான் பாத்து வாங்கணும். ஞாபகம் வச்சுக்குங்க சார்."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். நான் மறந்துவிட்டேன் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. ஜெபம் சொன்னதும் ஓர்லின், "வாசி அண்ணே" என்பான். நான் டப்பாவைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோழிச்சாறு, நூடுல்ஸ், காரட், கோழிக்கொழுப்பு என்று கடைசி எழுத்து வரை வாசிப்பேன். முடிந்ததும் அவன் "ஆமென்" என்பான். பாதிரியார் கேட்டிருந்தால் கோபித்திருப்பார். நான் சரியான டப்பாவைத்தான் வாங்கினேன், சரியாகத்தான் வாசித்தேன். மார்லிஸ் வரும் வரை.

நோயாளிகளை வேனில் கூட்டி வருகிறவள் அவள். விதவை. சத்தமாகச் சிரிப்பாள். எனக்கு அவளை முதலிலேயே பிடிக்கவில்லை. கண் தெரியாத மனிதனுக்குக் கோட்டுப் பொத்தான் போட்டுவிடுகிற பெண்ணுக்கு மனசில் ஏதோ கணக்கு இருக்கும். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓர்லின் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ரகம். சந்தேகப்படுகிற வேலையையும் அவனுக்காக நானே செய்ய வேண்டியிருந்தது.

பீட்ரூட் அறுவடை முடிந்ததும் ஓர்லின் சொன்னான். "இனிமே நீ வண்டி ஓட்ட வேண்டாம் அண்ணே. மார்லிஸ் வந்து கூட்டிக்கிறேன்னு சொல்லிட்டா."

"எனக்கொண்ணும் கஷ்டமில்லடா."

"தெரியும். வசந்தத்துல கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். டவுன்ல ஒரு வீடு பாத்திருக்கு. நிலத்தக் குத்தகைக்கு விட்டுடலாம்."

என்னைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எழுந்து பாத்திரம் கழுவினேன். கழுவி முடித்த தட்டையே மறுபடியும் கழுவினேன். பயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை கடைக்குப் போனபோது சிவப்பு இதயம் போட்ட டப்பாவை எடுத்தேன். தப்பாக நினைக்காதீர்கள், அவன் சாக வேண்டும் என்று எடுக்கவில்லை. கொஞ்சம் சுகமில்லாமல் போனால் போதும். படுத்துக் கிடக்கிறவனுக்கு யார் கல்யாணம் பண்ணிவைப்பார்கள்? நோய் முற்றினால் வீட்டோடு இருப்பான், கவனிக்க நான் இருக்கிறேன். நியாயமாகத்தான் பட்டது.

அன்று அவன் "வாசி அண்ணே" என்றான். வாசித்தேன். பொட்டாசியம் குளோரைடு என்ற இடம் வந்தபோது என் வாய் அதைத் தாண்டிப்போய் அடுத்ததை எடுத்துக்கொண்டது. நான் வாசித்ததில் ஒரு பொய் கிடையாது. அவன் "ஆமென்" என்றான்.

இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. கெய்லா ஓர்லினைத்தான் பிடித்துக்கொண்டாள். "உருளைக்கிழங்குலயும் பொட்டாசியந்தான், தின்னீங்களா? மறைக்காதீங்க."

"சத்தியமா இல்லம்மா."

மார்லிஸும் விடவில்லை. "கிழங்குத் திருடா! பாக்கெட்டக் காட்டு. உன் அண்ணனுக்குத் தெரியாம தின்னா, பாவம், அவரு என்ன பண்ணுவாரு?" என்று எல்லோர் முன்னும் கேலி செய்தாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள், அலமாரியில் இருந்த டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "இதயம் போட்டதாப் பாத்து வாங்கியிருக்காரு, நீயும் இருக்கியே" என்று அவனைத் திட்டினாள். டப்பாவைத் திருப்பவில்லை. அவளும் அந்த வகுப்பில் இருந்திருக்க வேண்டியவள்.

ஓர்லின் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தான். காப்பியை விட்டான். கிறிஸ்துமஸுக்குச் சுடுகிற உருளைக்கிழங்கு ரொட்டியைச் சின்ன வயதிலிருந்து அவன் விட்டதேயில்லை. அந்த வருஷம் தொடவில்லை. நான் அவன் எதிரில் வெண்ணெய் தடவித் தின்றேன். மணம் அவனுக்குத் தெரிந்தது. "நல்லாருக்கா அண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

ஜனவரியில் பனிப்புயல் வந்தது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்தவனால் திங்கட்கிழமை போக முடியவில்லை, சாலையை மூடிவிட்டார்கள். புயலுக்கு நான் பொறுப்பில்லை. அலமாரியில் அரிசி இருந்தது, முட்டை இருந்தது, ரொட்டி இருந்தது. நான் டப்பாவைத்தான் திறந்தேன்.

மேசைக்கு வரும்போதே அவன் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். "காலு என்னுதில்லாத மாதிரி இருக்கு அண்ணே."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தொலைபேசி வேலை செய்தது. பக்கத்துப் பண்ணைக்காரரிடம் பனி தள்ளும் வண்டி இருக்கிறது, கூப்பிட்டால் எந்தப் புயலிலும் வந்திருப்பார். "குளிருக்கு அப்படித்தான் இருக்கும், சூடா குடி" என்றேன்.

"வாசி."

வாசித்தேன்.

அவன் கரண்டியை எடுக்கவில்லை. என் முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பி, "இன்னொரு தரம் வாசி அண்ணே" என்றான்.

மறுபடி வாசித்தேன். முதலில் வாசித்தது மாதிரியே. அவன் கரண்டியைத் தடவி எடுத்து, "நீ சொன்னா சரி" என்று குடித்தான். விடிந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. டாக்டர் இதயம் என்று எழுதினார். அந்த நோய்க்காரர்களுக்கு அப்படி ஆவதுண்டாம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து மார்லிஸ் அலமாரியை ஒழித்துக்கொடுக்க வந்தாள். ஒரு டப்பாவை எடுத்தவள், திருப்பிப் பின்பக்கத்தைக் கடைசி எழுத்து வரை பார்த்தாள். பிறகு அதை என் கையில் கொடுத்தாள். "தினமும் வாசிப்பீங்களாமே. எனக்கும் வாசிங்க."

அவளும் கண்ணாடி போட்டிருந்தாள், என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். பொட்டாசியம் என்ற அந்தப் பெயரை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் இத்தனை மாதப் பழக்கம், வாய் தானாகத் தாண்டிவிட்டது.

அவள் கத்தவில்லை. "கோட்டப் போடுங்க" என்றாள். வேனில் ஏறினேன். உங்களிடம் நேராக வருவாள் என்று நினைத்தேன். வழியில் ஒரு வீட்டு முன்னால் நிறுத்தினாள்.

"இறங்கிப் பாருங்க பெரியவரே. உங்க தம்பி பாத்த வீடு. அண்ணனால மாடிப்படி ஏற முடியாதுன்னு கீழ் அறைய உங்களுக்குன்னு சொன்னாரு. கல்யாணத்தன்னிக்குக் கூட்டிட்டு வந்து காட்டணும், அதுவரை வாயத் தொறக்காதேன்னாரு."

பெற்ற மகன்கூட இப்படி அறை ஒதுக்குவதில்லை. அவள் சொல்வதை நான் நம்பவில்லை. இறந்தவன் பேரில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், வந்து மறுக்கப்போகிறானா? உள்ளே போய்ப் பார்த்தேன். வெறும் அறை. ஜன்னலுக்கு வெளியே தானியக் கிடங்கு தெரிந்தது. குளியலறைத் தொட்டியின் பக்கத்தில், எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்தியிருந்தது. எனக்கு இடது இடுப்பு சரியில்லை, கம்பியும் இடது பக்கம். கீழே தரையில் மரத்தூள் கூட்டாமல் கிடந்தது.

மறைக்க ஒன்றுமில்லை. ஓர்லினைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கம்பியை மட்டும் எனக்காக வைத்தது என்று எழுதாதீர்கள். முன்னால் குடியிருந்தவருக்கும் இடது இடுப்பு கெட்டிருக்கலாம், ஷெரீப். தயவுசெய்து விசாரித்துப் பாருங்கள்.